கேசரிக் கலரைத் தாளில் பிரிக்கலாம், ஆனால் அது எந்தக் கலர் என்று சொல்ல முடியுமா?

#1 · வெண்பலகை

எல்லோருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றத்தில் பதினெட்டுப் பிள்ளைகள். போன வாரம் தாள் குரோமட்டோகிராபி, அதாவது ஒரு கலவையில் உள்ள நிறங்களைத் தாளில் பிரிக்கும் முறை, செய்து காட்டலாம் என்று உட்கார்ந்தோம். வடிதாளைப் பட்டையாக வெட்டி, கருப்பு ஜெல் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் தொங்க விட்டோம். தண்ணீர் மேல்வரை ஏறியது. புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் ஒரு பையன் தன் ஸ்கெட்ச் பேனாவைக் கொண்டுவந்தான். அதில் வைத்த கருப்புப் புள்ளி நீலம், ஊதா, மஞ்சள் என்று அழகாகப் பிரிந்து ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம்தான் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், பஞ்சுமிட்டாய்ல விஷக் கலர்னு தடை பண்ணாங்களே, அதையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமா? நம்ம ஊர் ஜிலேபியைப் பாக்கலாமா?"

முடியும் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். உங்களிடம் இரண்டு கேள்விகள்: ஜெல் பேனா ஏன் ஓடவில்லை? ஜிலேபிக் கலரைப் பிள்ளைகள் இந்த முறையில் சோதிப்பது சரியாக வருமா?

#2 · மைக்குப்பி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் டீச்சர். கருப்பு ஜெல் பேனாக்களில் பெரும்பாலும் இருப்பது நிறமித் துகள். கரைந்த சாயம் அல்ல. நுண்ணிய கரித்தூள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், காகிதத்தில் பட்டதும் நாருக்குள் சிக்கிக்கொள்ளும். கரையாத பொருளைக் கரைப்பான் எப்படித் தூக்கிக்கொண்டு போகும்? ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது தண்ணீரில் கரையும் சாயங்களின் கலவை, அதனால் ஓடியது. பால்பாயின்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்கு அசையும். இதே காரணத்தால்தான் தொடக்கக் கோட்டைப் பென்சிலில் போடச் சொல்கிறார்கள். பென்சில் கரி எந்தக் கரைப்பானுக்கும் நகராது.

இன்னும் இரண்டு விஷயம். தண்ணீர் மட்டம் புள்ளிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் ஏறுவதற்குப் பதில் பாட்டில் தண்ணீரில் கரைந்துவிடும். பாட்டிலை மூடி வையுங்கள்.

#3 · தேடல்

ரொம்ப எளிது மேடம். புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தால் ஆர்.எஃப். மதிப்பு. கரைப்பான் 10 செ.மீ., புள்ளி 6 செ.மீ. என்றால் 0.6. ஒவ்வொரு சாயத்துக்கும் இந்த எண் இணையத்தில் அட்டவணையாகவே கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். தாராளமாகச் செய்யுங்கள்.

#4 · பழைய பியூரெட்

தேடல் தம்பி, கணக்கு சரி. ஆனால் அட்டவணையை நம்பி ஒரு கடைக்காரரின் ஜிலேபிக்குப் பெயர் வைக்கக் கூடாது. நான் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் என்ன நடக்கிறது என்பதில் தொடங்குவோம். திருவிழாக் கடைத்தெருவில் ஒரு குடும்பம் ஒன்றாகத்தான் கிளம்பும். வளையல் கடை ஒவ்வொன்றிலும் நிற்பவர் பின்தங்குவார், எங்கும் நிற்காதவர் முதலில் கோயில் வாசலுக்குப் போய்விடுவார். இங்கே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவது கரைப்பான். நிற்கவைக்கும் கடைகள், தாளின் செல்லுலோஸ் நாரும் அது பிடித்து வைத்திருக்கும் ஈரமும். எந்தச் சாயத்துக்குத் தாளின் மேல் பிடிப்பு அதிகமோ அது கீழே நிற்கும். கரைப்பானில் நன்றாகக் கரைவது மேலே போகும்.

இப்போது யோசியுங்கள். கடைகள் மாறினால், கூட்டத்தின் வேகம் மாறினால், யார் எங்கே நிற்பார் என்பதும் மாறும் இல்லையா? தாளின் ரகம், அன்றைய வெப்பம், கரைப்பானில் உப்பு எவ்வளவு, பாட்டிலுக்குள் ஆவி நிறைந்திருந்ததா, புள்ளியில் சர்க்கரை இருந்ததா, எல்லாமே அந்த எண்ணை மாற்றும். வேறொரு ஆய்வகத்தில் வேறொரு தாளில் வந்த 0.6-க்கும் உங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்த 0.6-க்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே ஆய்வகத்தில் ஒரு விதி: தெரியாததைத் தனியாக ஓட்டவே கூடாது. அதே தாளில், அதே கோட்டில், பக்கத்திலேயே தெரிந்த சாயத்தையும் வைத்துத்தான் ஓட்டுவோம். அதை ஸ்டாண்டர்டு என்போம். அப்போது தாளும் வெப்பமும் பாட்டிலும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதற்கப்புறம் கிடைக்கிற பதிலிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நின்றால், இது அது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரே உயரத்தில் நின்றால், இது அதுவாக இருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம். அந்த "லாம்"-ஐ விட்டுவிட்டு எழுதினால் அறிக்கை பொய்யாகிவிடும்.

#5 · தேடல்

சார், ஒரே உயரம், ஒரே நிறம் என்றாலும் போதாதா? சந்தேகத்தைத் தீர்க்க என்ன செய்வீர்கள்?

#6 · பழைய பியூரெட்

இரண்டு வேலை செய்வோம். ஒன்று, தெரியாததையும் ஸ்டாண்டர்டையும் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுவது. மேலே போனதும் அது இரண்டாகப் பிளந்தால் இரண்டும் வேறு. இன்னொன்று, முற்றிலும் வேறு கரைப்பானில் மறுபடியும் ஓட்டுவது. அம்மோனியா கலந்த தண்ணீரில் ஒன்றாகப் போன இரண்டு சாயங்கள், பியூட்டனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைப்பானில் தள்ளித் தள்ளி நிற்கக்கூடும். எத்தனை கரைப்பானில் ஓட்டினாலும் இரண்டும் பிரியவில்லை என்றால் "லாம்" கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

#7 · ஏடு

பியூரெட் ஐயா சொல்லும் இந்த இரண்டாவது கரைப்பான் யோசனை இந்த முறையோடு கூடவே பிறந்தது. அந்த வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ருஷ்யத் தாவரவியலாளர் மிகயில் சுவெத் 1900-களின் தொடக்கத்தில் வார்சாவில் இருந்தபோது, கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, இலைச் சாற்றை மேலிருந்து இறக்கிப் பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் பிரிவதைப் பார்த்தார். 1906-ல் அதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். ருஷ்ய மொழியில் சுவெத் என்றாலே நிறம்தான். தாள் வந்து சேர்ந்தது ரொம்பப் பின்னால். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் கம்பளியில் எந்தெந்த அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கம்பளி என்பது புரதம். அதை உடைத்தால் அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று ஒத்த குணத்தோடு கலந்து கிடக்கும், பிரிப்பது பெரும்பாடு. 1941-ல் அவர்கள் சிலிக்கா ஜெல்லில் தண்ணீரைப் பிடித்துவைத்து அதன் மேல் குளோரோஃபார்மை ஓட விட்டார்கள். 1944-ல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் சிலிக்காவுக்குப் பதில் சாதாரண வடிதாளைப் போட்டார்கள். வேலை நடந்தது.

ஆனால் அமினோ அமிலத்துக்கு நிறமே கிடையாது. தாள் ஓடி முடித்தபின் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்தான். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடுகாட்டினால் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும், புரோலின் மட்டும் மஞ்சளாக. ஒரே கரைப்பானில் எல்லாம் பிரியாதபோது தாளைத் தொண்ணூறு பாகை திருப்பி, வேறு கரைப்பானில் பக்கவாட்டில் இன்னொரு தடவை ஓட விட்டார்கள். முதல் ஓட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றவை இரண்டாவதில் விலகின. மார்ட்டினுக்கும் சிங்குக்கும் 1952-ல் நோபல் பரிசு. ஃபிரெடரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களும் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடித்ததில் இந்தத் தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. டி.என்.ஏ.-வில் அடினினும் தைமினும் சம அளவு, குவானினும் சைட்டோசினும் சம அளவு என்று உயிர்வேதியியலாளர் எர்வின் சார்காஃப் கண்டதும் இப்படித் தாளில் பிரித்துத்தான். மெல்வின் கால்வின் குழு பாசிக்குக் கதிரியக்கக் கார்பனைக் கொடுத்து, சில நொடிகளில் கொன்று, சாற்றைத் தாளில் இரு திசையிலும் ஓட்டி, மேலே எக்ஸ்ரே ஃபிலிமை வைத்தது. காற்றிலிருந்த கார்பன் முதலில் எந்தப் பொருளில் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தக் கருப்புப் புள்ளி காட்டியது.

உங்கள் பிள்ளைகள் கையில் இருப்பது அதே காகிதம்தான் டீச்சர்.

#8 · சர்க்கரைப்பாகு

நான் சின்னதாக இனிப்புக்கடை வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சைப் படிக்கப் படிக்கக் கவலையாக இருக்கிறது. பிள்ளைகள் என் கடை ஜாங்கிரியை வாங்கிப்போய்ப் பாட்டிலில் ஓட்டி, "விஷக் கலர் வந்திருக்கு" என்று தெருவில் சொன்னால் என் நிலைமை என்ன? நான் கடையில் விற்கிற பாக்கெட்டுக் கலரைத்தான் போடுகிறேன். சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேட்கிறேன்.

#9 · பழைய பியூரெட்

நியாயமான கேள்வி அண்ணாச்சி. நேராகவே சொல்கிறேன்.

இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயம் எட்டுதான். டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், போன்சோ 4ஆர், எரித்ரோசின், பிரில்லியன்ட் ப்ளூ, இண்டிகோ கார்மைன், ஃபாஸ்ட் க்ரீன். அதுவும் எல்லா உணவிலும் கிடையாது. இனிப்பில் போடலாம். மஞ்சள்தூளிலோ மிளகாய்த்தூளிலோ ஒரு துளிகூடப் போடக் கூடாது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாயை நிறுத்தியது அதில் ரோடமின்-பி இருந்ததால். அது துணிக்குப் போடும் சாயம், அந்த எட்டில் சேராதது.

ரோடமின் இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் ரோடமினை ஸ்டாண்டர்டாக வைக்க வேண்டும். அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரவே கூடாது. அப்படியானால் அவர்களால் அந்தப் பெயரைச் சொல்லவே முடியாது. அதிகபட்சம், "எங்களிடம் உள்ள அனுமதிக்கப்பட்ட கலர்களோடு இது பொருந்தவில்லை" என்று எழுதலாம். புற ஊதா விளக்கில் ஒளிர்கிறதே என்று யாராவது சொல்வார்கள். ஒளிரும் பொருள்கள் எத்தனையோ, அதுவும் சான்று ஆகாது.

இன்னொன்று, தாள் எந்தக் கலர் என்பதற்கு வழிகாட்டுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. அனுமதித்த கலரே அளவு மிஞ்சினால் தப்புதான். அதற்கு வேறு கருவி வேண்டும். சட்டப்படி செல்லுபடியாவது உணவுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை மட்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரியை நான்கு பங்காகப் பிரிப்பது எதற்கு? முதல் அறிக்கை தவறு என்று நீங்கள் நினைத்தால் இன்னொரு கூடத்தில் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு வழி இருக்க வேண்டும் என்பதற்குத்தான். பொருளை வாங்கியவரும் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லலாம், 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

#10 · சர்க்கரைப்பாகு

நன்றி ஐயா. டீச்சர், நான் வாங்குகிற பாக்கெட்டுகளையே கொஞ்சம் அனுப்பித் தரட்டுமா? அவற்றை ஸ்டாண்டர்டாக வைத்துக்கொள்ளலாமா?

#11 · வெண்பலகை

அண்ணா, மனதார நன்றி. அனுப்புங்கள். கடைப் பெயர் எதையும் பிள்ளைகள் எழுதப் போவதில்லை, மாதிரி ஒன்று, இரண்டு என்றுதான் எழுதுவார்கள்.

பியூரெட் ஐயா, ஜிலேபியிலிருந்து கலரை எப்படி வெளியே எடுப்பது? நேற்று தண்ணீரில் ஊறவைத்து அந்தச் சாற்றை வைத்தோம். புள்ளி வால் முளைத்த மாதிரி நீண்டு இழுத்துக்கொண்டது.

#12 · பழைய பியூரெட்

வால் இழுத்தது சர்க்கரையாலும் எண்ணெயாலும். கலரை மட்டும் தனியே எடுக்க நாங்கள் பயன்படுத்துவது கம்பளி நூல். (ஏடு சொன்ன கம்பளிக் கதையைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!)

சாற்றில் கொஞ்சம் வினிகர் விட்டு, வெள்ளைக் கம்பளி நூல் ஒரு துண்டைப் போட்டு மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். அமிலச் சாயம் நூலில் ஏறிக்கொள்ளும். சர்க்கரையும் மாவும் தண்ணீரிலேயே தங்கிவிடும். நூலை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, பிறகு நீர்த்த அம்மோனியாவில் போட்டுச் சூடாக்கினால் கலர் நூலை விட்டு இறங்கும். அந்த நீரை ஒன்றிரண்டு துளியாகச் சுண்டவைத்துப் புள்ளி வையுங்கள்.

இந்தப் படியிலேயே ஒரு துப்பு கிடைக்கும். அனுமதிக்கப்பட்ட எட்டுச் சாயமும் அமிலச் சாயங்கள். அமிலத்தில் நூலில் ஏறும், அம்மோனியாவில் இறங்கும். ரோடமின்-பி காரச் சாயம். அது தலைகீழ், அம்மோனியாவில் ஏறி அசிட்டிக் அமிலத்தில் இறங்கும். தாளைத் தொடும் முன்பே நாங்கள் சந்தேகப்பட ஆரம்பிப்பது அங்கேதான்.

நூல் வாங்கும்போது கவனம். கடையில் உல்லன் என்று விற்பதில் நிறைய அக்ரிலிக். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசம் வந்தால் கம்பளி, உருகி உருண்டையானால் அக்ரிலிக். அம்மோனியா வேலையை நீங்களே ஜன்னலோரம் செய்யுங்கள், பிள்ளைகள் கையில் வேண்டாம்.

ஸ்டாண்டர்டுக்குப் பாக்கெட்டின் பின்பக்கம் எண் பாருங்கள். 102 டார்ட்ரசின், 110 சன்செட் எல்லோ, 122 கார்மோய்சின், 124 போன்சோ, 127 எரித்ரோசின், 133 பிரில்லியன்ட் ப்ளூ. ஒரே ஒரு எண் மட்டும் போட்ட பாக்கெட்டாக எடுங்கள். இரண்டு எண் இருந்தால் அது கலவை, ஸ்டாண்டர்டு ஆகாது.

#13 · கரையோரம்

எங்கள் பள்ளியில் கரைப்பானாகச் சாதாரண உப்புக் கரைசல்தான், நூறு மில்லி தண்ணீருக்கு ஒரு கிராம் உப்பு. உணவுக் கலருக்கு நன்றாகவே ஓடுகிறது, பயமும் இல்லை. சில இடங்களில் இலைச் சாற்றுக்குப் பெட்ரோல் ஊற்றிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அடுப்பு எரிகிற அறைக்கு அடுத்த அறையில்கூட வேண்டாம்.

#14 · லால்பாக் வாசி

பதினெட்டுப் பிள்ளைகள் என்றால் பட்டைக்குப் பதில் வட்டத் தாள் முறை வசதி. வட்ட வடிதாளின் நடுவில் சிறு துளையிட்டு, காகிதத்தைச் சுருட்டித் திரி மாதிரி செருகி, கரைப்பான் உள்ள கிண்ணத்தின் மேல் தாளைப் படுக்கவைத்து இன்னொரு தட்டால் மூடுங்கள். துளையைச் சுற்றிச் சிறு பென்சில் வட்டம், அதில் ஏழெட்டுப் புள்ளி. கரைப்பான் நடுவிலிருந்து வெளியே பரவும், சாயங்கள் வில் வில்லாக நிற்கும். 1950-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.வி. கிரி இந்த வட்ட முறையில் அமினோ அமிலங்களைப் பிரித்தார். தெரிந்ததும் தெரியாததும் அடுத்தடுத்து ஒரே வளையத்தில் நிற்பதால் பிள்ளைகள் கண்ணாலேயே ஒப்பிடலாம்.

#15 · வெண்பலகை

இரண்டு வாரம் ஆயிற்று. செய்து முடித்ததை எழுதுகிறேன்.

சர்க்கரைப்பாகு அண்ணன் அனுப்பிய பாக்கெட்டுகளில் ஒரே எண் போட்டது நான்கு கிடைத்தது: 102, 110, 122, 133. எரித்ரோசினுக்காக நான் தனியாக ஒன்று தேடி வாங்கினேன். ஆக ஐந்து. பச்சைக் கலர் பாக்கெட்டில் 102, 133 என்று இரண்டு எண் இருந்தது. அதை ஸ்டாண்டர்டாக வைக்கவில்லை, மாதிரியாக வைத்தோம். உப்புக் கரைசலில் பச்சை இரண்டாகப் பிரிந்து நீலம் உச்சிக்கு ஓடியது, மஞ்சள் சற்றுக் கீழே நின்றது. இரண்டும் பக்கத்திலிருந்த 133-க்கும் 102-க்கும் நேராக. பாக்கெட்டில் எழுதியிருந்ததைத் தாளே படித்துக் காட்டிய மாதிரி இருந்தது. எரித்ரோசின் மட்டும் கோட்டை விட்டுக் கிளம்பவே மனமில்லாமல் கீழேயே நின்றது.

ஜிலேபிக் கலரைக் கம்பளி நூலில் ஏற்றி இறக்கினோம். தாளில் ஒரே ஆரஞ்சுப் புள்ளி, 110-ன் உயரத்தில். தேடல் சார் சொன்னபடி வகுத்தும் பார்த்தோம். முதல் நாள் 0.54, மறுநாள் அதே கலருக்கு 0.61. ஏன் மாறியது என்று பிள்ளைகளே தேடி, மறுநாள் உப்பை அளக்காமல் போட்டதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு நாளும் பக்கத்திலிருந்த 110-உம் கூடவே ஏறியிருந்ததால் முடிவு மாறவில்லை. இரண்டையும் ஒரே புள்ளியில் வைத்தும் ஓட்டினோம், பிளக்கவில்லை. குறிப்பேட்டில் "மாதிரி 1: சன்செட் எல்லோவாக இருக்கலாம்" என்று எழுதினார்கள். ஒருவன் "இருக்கிறது" என்று எழுதியிருந்ததை அந்த மாணவியே அடித்துத் திருத்தினாள்.

மாதிரி 4, ஒரு பையன் சந்தையில் வாங்கிவந்த ரோஸ் நிற மிட்டாய். வினிகரில் நூலில் கலர் சரியாக ஏறவே இல்லை. சாற்றையே நேராக வைத்து ஓட்டினோம். ஐந்தில் எதனோடும் சேரவில்லை. "அப்ப அது விஷமா டீச்சர்?" என்று கேட்டார்கள். நம்மிடம் போன்சோ இல்லை, சர்க்கரையும் கூட ஓடியிருக்கிறது, அதனால் நமக்குத் தெரியாது என்றேன். மீதி மிட்டாயைப் பிரிக்காத பாக்கெட்டோடு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்து, சோதித்துச் சொல்லுமாறு பிள்ளைகள் கையெழுத்திட்ட கடிதத்தையும் வைத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

#16 · பழைய பியூரெட்

நல்ல வேலை டீச்சர். தெரியாது என்று எழுதிய அந்தப் பக்கத்தை எங்கள் கூடத்திலும் ஏற்றுக்கொண்டிருப்போம்.

ஓட்டிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். காய்ந்ததும் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பென்சிலில் கோடு போட்டு, ஓரத்தில் தேதியும் கரைப்பானும் எழுதி, புத்தகத்துக்குள் இருட்டில் வையுங்கள். எரித்ரோசின் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். அலுவலகத்திலிருந்து பதில் வரும்போது, மாதிரி 4 எங்கே நின்றது என்று எடுத்துப் பார்க்க அந்தக் கோடு வேண்டியிருக்கும்.